பேர் தெரியாத பாட்டி: மாயவரம் முதல் காரைக்கால் வரை ஐந்து நாள்

2025 பிப்ரவரி 10, திங்கள். மாயவரம்

தை அமாவாசையன்று சித்தப்பாவோடு குளக்கரைக்குப் போயிருந்தேன். புரோகிதர் வரிசையாகப் பேர் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று சித்தப்பா தடையில்லாமல் சொன்னார். அம்மா பேரும் சொன்னார். "பாட்டி பேரு?" என்றதும் எள்ளும் தண்ணீருமாக அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெதுவாக, "காவேரி" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சொன்னார். அது பாட்டி பேர் இல்லையாம். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு புரோகிதர், பேர் தெரியாவிட்டால் ஆற்றின் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாராம். அன்றிலிருந்து காவேரிதான். சித்தப்பாவுக்கு இப்போது 72 வயது.

அந்தப் பாட்டி எங்கள் தாத்தாவைப் பெற்றவள், எனக்குக் கொள்ளுப்பாட்டி. காளயுக்தி வருஷத்து விஷக்காய்ச்சலில், பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில் இறந்துபோனாள் என்பது மட்டும் வழிவழியாக வந்த சேதி. காளயுக்தி என்றால் 1918. தாத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டாம் தாரமாக வந்தவர்தான் அவரை வளர்த்தார், அவர் பேர் எல்லோருக்கும் தெரியும். செத்துப்போனவளின் பேரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமியார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்று இருந்த வீடு அது. தாத்தாவுக்கோ ஐந்து வயதில் அவள் வெறும் அம்மா. தாத்தாவின் ஜாதகத்தில் முதல் தாளில் இருந்திருக்கும். முதல் தாளைக் கரையான் தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்கு, அதாவது குடும்பத்தில் இறந்துபோன பெண்ணுக்கு, படைக்கும்போது ஒரு புடவை வைப்போம். அது அவளுக்குத்தான் என்பார் அத்தை. எப்போதும் வயதானவர்கள் கட்டுகிற அரக்கு நிறத்தில் வாங்குவோம்.

இரண்டு இடத்தில் தேட வேண்டும் என்று முடிவு செய்தோம். தாத்தா பிறந்தது காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில், அப்போது அது பிரெஞ்சு மண். பாட்டி இறந்தது தரங்கம்பாடிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில், அது பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா. ஒரே காவிரித் தண்ணீர் பாய்கிற இரண்டு ஊர், நடுவில் இரண்டு சர்க்கார்.

விடிகாலை ரயிலில் மாயவரம் வந்து இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே காபி 20 ரூபாய், நுரை தம்ளர் விளிம்பைத் தாண்டி நின்றது. இட்லிக்கு மூன்று சட்னியும் ஒரு கொத்சும் வைத்தார்கள். கிராமத்துக்கு டவுன் பஸ். எனக்கு டிக்கெட் கிடையாது, சித்தப்பாவுக்குப் பத்து ரூபாய். வழியெல்லாம் சம்பா அறுவடை. ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது, பஸ் மீதிப் பாதியில் ஊர்ந்தது. அறுத்த வயலில் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் சின்னப் பையன். எங்களைக் கொள்முதல் நிலையத்து வாசலில் வைத்தே கேட்டுக்கொண்டார், நெல் மூட்டைக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். "1918-ஆ?" என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் காலத்தில் பிறப்பு இறப்பு எழுதியது கிராம முன்சீப். 1980-ல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் வேலைகளை எடுத்தபோது பழைய புத்தகங்கள் கைமாறின. "எங்கிட்ட இருக்கறது ரொம்பப் பின்னாடி உள்ளது. பழசெல்லாம் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லதான். நாளைக்கே போய்ப் பாருங்கம்மா" என்றார்.

பாட்டியின் பிறந்த வீடு எது என்று காட்ட ஆள் இல்லை. ஒரு பெரியவர் மட்டும் எங்களைத் தன் திண்ணையில் உட்காரவைத்து, பேரனை மரம் ஏறச் சொல்லி இளநீர் வெட்டித் தந்தார். காசு நீட்டினேன். "பொறந்த வூடு தேடி வந்திருக்கீங்க, காசு குடுக்கறீங்களே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய். வைத்தீஸ்வரன்கோயில்

காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலக வாசலில் பூட்டு. தைப்பூசம், அரசு விடுமுறை. அந்தத் தம்பிக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. இருவரும் காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டோம், ஒரு நாள் போயிற்று.

"சும்மா ரூம்ல உக்காந்து என்ன பண்றது, வா பாப்பா" என்று சித்தப்பா வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் கிளம்பினார். செவ்வாய்க்கிழமை, செவ்வாய் தலம், அதோடு முருகன் சந்நிதி இருக்கிற கோயிலில் தைப்பூசம். கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சித்தாமிர்தக் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தோம், உப்பும் மிளகும் போட்டோம். சுவாமியைப் பார்க்க ஒன்றரை மணி நேரம். அம்பாள் தையல்நாயகி சந்நிதியில் நெரிசல் கொஞ்சம் குறைவு. அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். சித்தப்பா பிள்ளைகள் பேரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எங்க பாட்டிக்கும்" என்றார். "பேர்?" என்று குருக்கள் கேட்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்தால் சித்தப்பாவின் செருப்பைக் காணோம். 150 ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கினோம், அது கடைசி நாள் வரை அவர் காலைக் கடித்துக்கொண்டே இருந்தது.

கோயிலைச் சுற்றி எந்தத் தெருவில் திரும்பினாலும் நாடி ஜோதிட போர்டு. டீக்கடையில் நாங்கள் பேசியது காதில் விழுந்து ஒருவர் கிட்டே வந்தார். "ஐயா, கட்டைவிரல் ரேகை மட்டும் குடுங்க. ஏட்டுல அப்பா பேரு, அம்மா பேரு, பாட்டன் பூட்டன் பேரு எல்லாம் வந்துரும். ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம்." சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். நான் பயந்தேன். பிறகு, "இல்ல தம்பி, கூட இருந்தவங்க எழுதி வெச்சது வேணும்" என்றார். அந்த ஆளும் வற்புறுத்தவில்லை. எங்கள் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார், 36 ரூபாய்.

பிப்ரவரி 12, புதன். தாலுகா அலுவலகம்

இந்தப் பயணத்திலேயே உடம்பை அடித்துப்போட்ட நாள் இதுதான். எந்தத் தாலுகா என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எங்களுக்கு உதவினார்கள், குறை பதிவறையின் நிலைமையில்தான்.

மனு எழுதி, தேடுதல் கட்டணம் கட்டி, மதியம் ஒரு மணிக்கு ரெக்கார்டு அறைக்குள் போனோம். தரையிலிருந்து உத்தரம் வரை மூட்டை. சிவப்புத் துணியில் கட்டியவை, சாக்கில் கட்டியவை, கட்டே இல்லாமல் சாய்ந்து கிடந்தவை. அலுவலக உதவியாளர் அம்மா ஒருவர் முகத்தில் முந்தானையைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். எனக்கு ஐந்து நிமிடத்தில் தும்மல் ஆரம்பித்தது, ராத்திரி வரை நிற்கவில்லை.

பிறப்பு இறப்பைப் பதிய வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுதியது முன்சீப், அவருக்குச் சொன்னது வெட்டியான் அல்லது தலையாரி. அந்த வழியில் எவ்வளவு வந்து சேர்ந்ததோ அவ்வளவுதான் புத்தகத்தில். 1915-ம் வருஷப் புத்தகம் முதலில் கிடைத்தது. பிறப்புப் பக்கத்தைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. குழந்தைக்கு நேரே பேர் இல்லை. ஆண், பெண், ஆண், ஆண். தகப்பன் பேர் இருக்கிறது. பேர் வைப்பதற்கு முன்னால் பதிந்ததால் அப்படி. பிறகு யாரும் வந்து சேர்க்கவில்லை. இறப்புப் பக்கத்தில் ஆண்களுக்குப் பேர் உண்டு. பெண்களில் பலருக்கு இன்னார் பெண்சாதி, இன்னார் தாயார் என்றுதான் எழுதியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஜுரம், வாந்திபேதி, மறுபடி ஜுரம்.

சாயங்காலம் நாலு மணிக்கு 1918 புத்தகமும் வந்தது. உதவியாளர் அம்மா மேலிருந்தே, "கெடச்சிருச்சு ஐயா!" என்று கத்தினார். சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கினார். புரட்டினோம். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏழெட்டு வரி. செப்டம்பர் வந்தது. அக்டோபர் தொடங்கியதும் வரிகள் நெருக்கமாகின. ஒரே நாளில் நாலு, அடுத்த நாள் ஆறு, எல்லாவற்றுக்கும் நேரே விஷஜுரம். முன்சீப்பின் கையெழுத்தே கோணிக்கொண்டு போயிருந்தது. அவர் வீட்டிலும் காய்ச்சல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தோடு சரி. அதற்குப் பிறகு தாள் இல்லை, தையல் நூல் மட்டும் தொங்கியது. ஐப்பசி மாசத்துக்குரிய மீதிப் பக்கங்கள் எங்கே போயின என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த ஒன்றரைப் பக்கத்தை மூன்று தடவை படித்தோம். எங்கள் ஆள் அதில் இல்லை. இருந்திருந்தாலும் இன்னார் பெண்சாதி என்றுதான் இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது, கோபத்தால் வந்த அழுகை. நாலு தடிமனான நிலவரிக் கணக்குப் புத்தகம் ஒரு மூலை கூட மடியாமல் பக்கத்தில் இருந்தது. செத்தவர்கள் புத்தகத்தைக் காப்பாற்ற ஒரு அட்டைப்பெட்டி போதும். கரையான் மருந்துக்கு எவ்வளவு ஆகிவிடும்? இதைக் கேட்க யாரிடம் போவது என்று தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

‘பதிவு கிடைக்கப்பெறவில்லை’ என்று எழுதித் தருவதாகச் சொன்னார்கள். சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். உதவியாளர் அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "எனக்கும் எங்க பாட்டி பேரு தெரியாதுய்யா" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன். தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால்

காரைக்கால் பஸ் தரங்கம்பாடி வழியாகத்தான் போகிறது. இரண்டு மணி நேரம் இறங்கினோம். டேனியக் கோட்டை, கடல் தின்றது போக மிச்சம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் எல்லாவற்றையும் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் நின்றது புது எருசலேம் தேவாலயத்தில். 1718-ல் கட்டியது, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அடக்கமான இடம். அவர் வந்து இறங்கிய மறு வருஷம், 1707 மே மாசம், முதல் ஐந்து தமிழர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அங்கிருந்த பெரியவர், கோயில் பதிவேடுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் புத்தகம் என்று சொன்னார். ஞானஸ்நானத்தில் பெற்றோர் பேரோடு ஞானப்பெற்றோர் பேரும் உண்டு. ஒரு குழந்தைக்கு நாலு பெரியவர்கள் பேர். வேதக்கார நண்பர்கள் எட்டுத் தலைமுறை சொல்வது எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நண்டலாறு தாண்டியதும் காரைக்கால் எல்லை. வரிசையாக மதுக்கடை, மலிவுப் பெட்ரோல் பங்க். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் தஞ்சாவூர் மராட்டிய ராஜாவிடமிருந்து பெற்றார்கள், 1954 நவம்பர் 1 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பேச்சு வழக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. நகராட்சியை வயதானவர்கள் ‘மேரி’ என்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்கு ‘எத்தா சிவில்’. பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்துக்காக இன்றும் ஆட்கள் அந்தப் பழைய புத்தகங்களைத் தேடி வருவதால், 1918 என்றால் யாரும் இரண்டு முறை கேட்பதில்லை.

மனு கொடுத்தோம். நாளை காலை வரச் சொன்னார்கள். புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு, கையெழுத்து. படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஊர் முழுக்க அவருக்கு ‘முசே’ என்று பேர், அவரை அழைத்து வாருங்கள் என்றார் ஊழியர்.

சாயங்காலம் முசே வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டம்மா நாகூரிலிருந்து வந்த வாடாவைத் தட்டில் வைத்தார், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு இறால். நான் நாலு தின்றேன். முசே பாடம் எடுப்பது போலவே பேசினார். குழந்தை பிறந்து மூன்று நாளுக்குள் தகப்பன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். தகப்பன் வயது, தொழில், தாய் பேர், பிறந்த மணி, இரண்டு சாட்சிகள், அவர்கள் வயது, தொழில், எல்லாம் எழுத வேண்டும். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு பிரதி பிரான்ஸுக்குப் போக வேண்டும் என்று 1776-லேயே அரசாணை. கறையான் இங்கே தின்றாலும் அங்கே ஒன்று இருக்கும். அப்படிப் போனவற்றில் பழையவற்றை எக்ஸ்-அன்-புரோவான்ஸ் ஆவணக்காப்பகம் இணையத்தில் கட்டணமில்லாமலே போட்டிருக்கிறது.

"ஆனா பேர் எழுத்துதான் சிக்கல்" என்றார். பிரெஞ்சில் ‘யூ’ எழுத்து மட்டும் போட்டால் உகரம் வராது, அதற்கு முன் ‘ஓ’ சேர்க்க வேண்டும். ராமசாமிக்கு இரண்டு ‘எஸ்’ போடாவிட்டால் ‘ராமஸாமி’ கூட இல்லை, ‘ஜ’ போல அதிர்ந்துவிடும். ரெயூனியன் தீவுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரன் பேத்திகள் இந்த எழுத்துக்களோடுதான் இவரைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இவர் அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்து, உங்கள் முப்பாட்டன் பேர் இதுதான் என்று தமிழில் எழுதிக் கொடுப்பாராம். காசு வாங்குவதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. திருமலைராயன்பட்டினம்

ராத்திரி சித்தப்பா தூங்கவில்லை. நான்கு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் சாப்பிட மாட்டேன் என்றார், பதிவு பார்த்த பிறகுதான் என்றார்.

புத்தகம் பெரியது, தோல் முதுகு, தாள் பழுப்பேறியிருந்தாலும் முறுக்காக இருந்தது. வருஷக் கடைசியில் அகரவரிசை அட்டவணை. பிரமாதீச வருஷம் ஆனி என்று ஜாதகத்தில் மிஞ்சிய தாளில் இருந்தது, அதனால் 1913 ஜூன், ஜூலை. தாத்தா பேரில் அந்த வருஷம் மூன்று குழந்தைகள். முசே முதலாவதைப் படித்தார், தகப்பன் பேர் வேறு. இரண்டாவதைத் திறந்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம்..." என்று அவர் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார். அங்கே தேதியை எண்ணில் எழுதுவதில்லை. பயிர்த்தொழில் செய்யும் இன்னார், வயது 26, எங்கள் முன்னால் வந்து, நேற்று விடியற்காலம் நாலு மணிக்குத் தன் வீட்டில் தனக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்ததாகச் சொன்னார். கொள்ளுத்தாத்தா பேர்தான். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சாட்சிகள் இரண்டு பேர், ஒருவர் நெசவாளி, ஒருவர் கடைக்காரர். கீழே நெசவாளியின் கையெழுத்து இல்லை, எழுதத் தெரியாது என்று சொன்னார் என்று குறித்திருந்தது. கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து இருந்தது. தமிழில். பிரெஞ்சுக் கோடுகளுக்குக் கீழே, புள்ளி வைக்காத பழைய தமிழ் எழுத்து.

"தாயார் பேர்" என்று முசே மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னார். டி, ஏ, மேலே இரட்டைப் புள்ளி வைத்த ஐ, ஏ, எல். பக்கத்தில் நின்ற ஊழியர், "தாயல்... தயாளா?" என்றார். முசே தொடர்ந்தார். என், ஏ, ஒய், ஏ, ஜி, யூ, ஐ. "இந்த ‘யூ’வுக்குச் சத்தமில்லை. ‘கி’ன்னு படிக்கணும்."

"தையல்நாயகி" என்றார் சித்தப்பா.

யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரே படித்தார். இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு தையல்நாயகி இருந்திருப்பாள், அதில் அதிசயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை அந்தச் சந்நிதியில் நெரிசல் தள்ளிக்கொண்டு வந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும், இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

சான்றிட்ட நகல் வர ஒரு வாரமாகும். முசே ஒரு தாளில் மொத்தத்தையும் தமிழில் எழுதித் தந்தார். கடைத்தெருவில் டிபன் சாப்பிட்டோம். சித்தப்பா மூன்று பூரிக்குப் பிறகு இன்னொன்று கேட்டார். அங்கிருந்தே திருச்சியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டார். அத்தைக்கு 84.

"அக்கா, பேரு கெடச்சிருச்சு. தையல்நாயகி."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "வேற என்ன போட்ருக்குடா?" என்றார். சித்தப்பா தாளைப் பிரித்தார். முசே எழுதியதில் நாங்கள் கவனிக்காத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. "வயசு போட்ருக்குக்கா. அப்பா பொறந்தப்ப பதினேழு."

"பதினேழா? அப்ப போவும்போது..." அத்தை எண்ணுவது ஸ்பீக்கரில் கேட்டது. "எம் பேத்தியவிட சின்னவடா. நான் நரச்ச தலையோடல்ல நெனச்சு வெச்சிருந்தேன் இத்தன வருஷமா. அரக்குப் பொடவயா வாங்கி வாங்கிப் படச்சோமே." கொஞ்சம் பொறுத்து, "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா. கலரா வாங்கு" என்றார்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கடைத்தெருவில் ஒரு சின்ன ஜவுளிக்கடைக்குள் போனோம். சித்தப்பா வேட்டியைத் தவிர வேறெதுவும் வாங்கிப் பழக்கமில்லாதவர், வாசலிலேயே தயங்கி நின்றார். கவுண்டரில் இருந்த பெண், "பொடவ யாருக்கு சார்? வயசு சொன்னீங்கன்னா எடுத்துப் போடறேன்" என்றாள்.

"இருபத்திரண்டு" என்றார் சித்தப்பா.